தையல் வரிசையில் ஒரு மீசை

தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஆண்மை குறைந்துவிடும் என்று நாற்பத்தாறு வயதுவரை நம்பினேன். சத்தியமாக நம்பினேன். ஆம்பூர்ப் பக்கத்தில் எங்கள் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவது ஆண்கள், தைப்பது பெண்கள். கடவுளே பங்கு பிரித்துக் கொடுத்த மாதிரி யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஒரு மாதம் வெட்டுகிற எங்களுக்குத் தோல் வரவில்லை. "தையல்ல ஆள் கம்மி. வேலை வேணும்னா அங்க உக்காருங்க" என்றார் மேனேஜர். வேலை வேண்டுமே! மறுநாள் மீசையை முறுக்கி, வெட்டுக்கத்தியைச் சட்டைப்பையில் எல்லோர் கண்ணிலும் படும்படி செருகிக்கொண்டு, பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அந்த வரிசைக்குச் சூப்பர்வைசர் இருபத்தைந்து வயதுப் பெண். "இன்னாண்ணே, கத்தி யாருக்கு?" என்றார். வரிசையே சிரித்தது.

எனக்குப் பயம் அவர்களிடம் இல்லை, அப்பாவிடம். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் சுமந்தே தோள் காய்த்துப்போனவர். அவருக்குத் தெரிந்தால் மானம் போச்சு. சாயங்காலம் தெருமுனையில் நின்று, சட்டையில் ஒட்டிய நூல் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். சின்னவீடு வைத்திருப்பவன்கூட இத்தனை கவனமாக இருக்கமாட்டான்.

மூன்றாம் நாள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் என் சட்டைக் காலரில் ஒரு துணுக்கைக் கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, நூலு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பா பேப்பரை மடித்தார். "எங்கடா ஒக்கார வெச்சிக்கிறாங்க உன்ன?"

"தையல்ல..."

"பொம்பளைங்க வேலைக்கா?"

மகள் குறுக்கே வந்தாள். "போ தாத்தா! உன் சட்டைய தெச்ச டெய்லரு ஆம்பளதானே?"

அப்பா தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கடைத்தெரு டெய்லருக்கு என்னைவிடப் பெரிய மீசை.

"அது வேற, இது வேற" என்றார் அப்பா.

"எப்பிடி வேற?"

அப்பா டீ கேட்டார்.

மறுநாள் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். இனி நான் தையல்காரன்தான், யார் கேட்டாலும் சொல்வேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மத்தியானம் சூப்பர்வைசர் நான் தைத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தையல் அமிர்தி காட்டுப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.

"அண்ணே, கோச்சிக்காதீங்க..."

நேராகத் தைக்க வரவில்லை என்று என்னைப் பெட்டி மடிக்க அனுப்பிவிட்டார்கள்.