அப்பாவிடமிருந்து சட்டப்படி விலகுவது எப்படி?

போன சனிக்கிழமை, இத்தாலியில் நாங்கள் இருக்கும் ஊரின் பல்லரோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் அபிஷா வந்து பக்கத்தில் நின்றாள். வயது பதினாறு.

"அன்ரி, அப்பாட்ட இருந்து சட்டப்படி பிரியிறதுக்கு எந்த ஃபோர்ம் நிரப்போணும்?"

பஸ் பாஸுக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

விஷயம் இதுதான். இத்தாலியக் குடியுரிமை கிடைத்த கையோடு அவளுடைய அப்பா தவம், குடும்பத்தோடு ஜேர்மனிக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டார். அங்கே அவருடைய தம்பி இருக்கிறார். அபிஷாவோ இங்கே சமையற்கலைப் பள்ளியில் மூன்றாம் வருஷம். தெரியாத மொழியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க அவளுக்கு மனமில்லை. யாருக்குத்தான் இருக்கும்?

நான் வேலை செய்வது ஒரு பெண் வக்கீலின் அலுவலகத்தில். தரை துடைக்கும் வேலைதான் — ஆனாலும் சட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன் அல்லவா? திங்கட்கிழமை அவளைக் கூட்டிப்போனேன்.

வக்கீல் சிஞ்ஞோரா — இங்கே அம்மணியை அப்படித்தான் அழைப்போம் — பொறுமையாக விளக்கினார். பதினெட்டு வயதுக்கு முன் பெற்றோரின் அதிகாரத்திலிருந்து விடுபட இந்த நாட்டில் ஒரு வழிதான் உண்டாம். பதினாறு நிரம்பியிருக்க வேண்டும். தக்க காரணம் காட்டி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். பெற்று... கல்யாணம் கட்ட வேண்டும்.

அபிஷா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாட்ட இருந்து தப்ப இன்னொருத்தனைக் கட்டோணுமாம். ஜேர்மனியே பரவாயில்லை, அன்ரி."

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் சிஞ்ஞோரா. பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதென்றால் தாய், தகப்பன் இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டுமாம். ஒத்துவராவிட்டால் நீதிபதியிடம் போகலாமாம்.

அம்மாவா? அவரை யாரும் கேட்கவில்லை. தவம் கேட்கவில்லை, அபிஷா கேட்கவில்லை — அடிக்கடி அவரோடு தேநீர் குடிக்கும் நானும் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அம்மா ரஞ்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தவம் ரீவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்களுக்கு ஜேர்மனி போக விருப்பமோ?" என்று கேட்டாள் அபிஷா.

"இல்லை" என்றார் ரஞ்சி.

தவம் ரீவியை நிறுத்தினார். "நீ ஒருநாளும் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேட்டாத்தானே சொல்லுறதுக்கு. பிள்ளை படிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் ஒண்டிலும் சைன் வைக்கமாட்டன்."

குரல் உயரவில்லை. வெங்காயம் உரிப்பதும் நிற்கவில்லை. அபிஷாதான் கண்ணைத் துடைத்தாள், வெங்காயத்துக்கு எட்டத் தள்ளி நின்றபடி.

தவம் ரீவி ரிமோட்டை மேசையில் வைத்தார். பிறகு தம்பிக்கு ஃபோன் எடுத்து, "உடனை வரேலாது. இஞ்சை கொஞ்சம் அலுவல் கிடக்கு" என்றார்.

என்னோடு அவர் இன்னும் கதைப்பதில்லை. போகட்டும்.

அபிஷா சட்டப்படி சுதந்திரம் பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ரஞ்சி அன்று பின்னேரமே பெற்றுவிட்டார்.