வாள்காரியின் காவல்

களுபோவில ஆஸ்பத்திரியில் அண்ணா சத்திரசிகிச்சை முடிந்து உறங்குகிறார். என்னால் கதிரையில் ஐந்து நிமிடம் அசையாமல் இருக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ மருந்துக் குளிசைப் போத்தலைக் குலுக்கினார்கள். அது பகடை குலுக்கும் சத்தம்போலக் கேட்டது.

சின்ன வயதில் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பகடை உருட்டி, கற்பனை அரக்கர்களோடு சண்டை பிடிப்போம். அரக்கர்களுக்காக உருட்டுவது அப்பா. அண்ணா மந்திரவாதி, நான் வாள்காரி. நான் வாளை ஓங்குமுன் அண்ணா நெருப்பை ஏவி எல்லோரையும் முடித்துவிடுவார். நான் அழுதேன். தேத்தண்ணியை ஊதியபடியே அப்பா புது விதி சொன்னார்.

"ஒரு மந்திரம் சொன்னா அவன் நித்திரை கொள்ளவேணும். அவன் எழும்பும் வரைக்கும் நீ காவல்."

அதுவும் சரிவரவில்லை. அண்ணா ஒவ்வொரு குகையிலும் நித்திரை கொண்டார். நான் சும்மா காவல் நின்றேன். ஒருநாள் பொறுக்காமல் ஆட்டத்தின் நடுவில் எழுந்து, தண்டவாளம் தாண்டிக் கடற்கரைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது உறங்கிய மந்திரவாதியை அரக்கர்கள் கொன்றிருந்தார்கள். அண்ணா ஒரு கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

இப்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"நீ இன்னும் போகேல்லையா?"

"அண்டைக்குப் போனதே போதும், அண்ணா. நித்திரை கொள்ளுங்கோ."

அவர் கண்ணை மூடினார். கதிரைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டேயிருந்தது.