கூண்டில் நின்றவர்களுக்காகப் பேசியவள்

எங்கள் ஊர் நீதிமன்றத்தில் ஸோலேகாவுக்கு மொழிபெயர்க்கும் வேலை. எனக்குப் பெயர் கூப்பிடும் வேலை. நான் வாசலில் நின்று பெயரைக் கத்துவேன். ஆள் உள்ளே வந்து கூண்டில் ஏறுவான். அதற்குப் பிறகு அவனுக்கு வாய் அவள்தான். மாஜிஸ்திரேட்டுக்கு எங்கள் மொழி வராது, கூண்டில் நிற்பவனுக்கு ஆங்கிலம் வராது. அந்த வேலையில் ஒரு விதி உண்டு. "நான் வைத்திருந்தேன்" என்று அவன் சொன்னால், இவளும் "நான் வைத்திருந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவன் வைத்திருந்தானாம்" என்று ஒதுங்கி நின்று சொல்லக் கூடாது.

இது தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் உள்ள ம்போண்டோ நாடு. ஆற்றோரச் சரிவுகளில் சோளத்துக்கு நடுவே கஞ்சா தானாகப் பாதியும் விதைத்துப் பாதியுமாக வளரும். மாடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுக் கிழவர்கள் ஒரு குழாய் இழுப்பார்கள். அதை வீட்டு விஷயமாகத்தான் நினைத்தோம். போலீஸ் அப்படி நினைக்கவில்லை. எங்கள் கூண்டில் ஏறியவர்களில் பாதிப் பேர் ஆடு திருடியவர்களோ கத்தியெடுத்தவர்களோ அல்ல. சட்டைப்பையில் ஒரு பொட்டலம் அகப்பட்டவர்கள். அத்தனை பேருக்கும் ஸோலேகாதான் "நான் குற்றவாளி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"ஏம்மா, காலையிலேர்ந்து கஞ்சா இழுத்தேன் இழுத்தேன்னு ஒத்துக்கிட்டே இருக்கியே, தலை சுத்தலையா?" என்று கேட்பேன்.

"உங்களுக்கு சுத்தாம இருந்தா சரி, மாமா. சாயங்காலத்துல உங்க வீட்டுப் பக்கமே நடக்க முடியல."

அவளுக்கு அந்தப் புகை பிடிக்காது. வியாழக்கிழமைதோறும் சிவப்பு மேல்சட்டை போட்டுக்கொண்டு சர்ச் பெண்கள் கூட்டத்துக்குப் போகிறவள். சட்டம் என்றால் சட்டம்தான் என்பாள். தம்பி மாவேதுவைக்கூட வீட்டுக்குள் இழுக்க விட்டதில்லை. பெற்றோர் போனபின் அவனை வளர்த்தவள் அவள். ஒரு முதலாளியின் மினிபஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். அதிகம் பேச மாட்டான், சாராயம் தொட மாட்டான். வண்டியை நிறுத்தி, கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒரு தடவை இழுப்பான். அவ்வளவுதான் அவன் கெட்ட பழக்கம்.

ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை சாலைத் தடுப்பில் அவன் மேல்கோட்டைத் துழாவிச் சின்னத் தகர டப்பாவை எடுத்துவிட்டார்கள். சனி, ஞாயிறு லாக்கப். திங்கட்கிழமை அவன் பெயரை நான்தான் கூப்பிட்டேன்.

சொந்தத் தம்பிக்கு அவள் மொழிபெயர்க்கக் கூடாது. பக்கத்து ஊரிலிருந்து வேறொருவர் வர வேண்டும். அவர் கார் வழியில் படுத்துவிட்டது. தள்ளிவைத்தால் மாவேது இன்னொரு வாரம் லாக்கப்பில் கிடக்க வேண்டும். ஸோலேகாவின் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் ஒட்டியிருந்ததால் இருவரும் அக்கா தம்பி என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. ஸோலேகா எழுந்து நின்றாள்.

"ஒத்துக்கறியா?" என்று எங்கள் மொழியில் கேட்டாள்.

"ஒத்துக்கறேன்க்கா. என்னோடதுதான். வேலை முடிஞ்சா இழுப்பேன். யாருக்கும் வித்ததில்ல."

வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

செய்ததற்கு வருந்துகிறாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவள் அதை எங்கள் மொழியில் கேட்டதும் மாவேது உண்மையாகவே குழம்பிப்போய், "எதுக்குக்கா வருத்தப்படணும்? நான் யாரை என்ன பண்ணேன்?" என்றான்.

ஸோலேகா மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினாள். பிறகு ஆங்கிலத்தில், "ஆம், மிகவும் வருந்துகிறேன்" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் புரியும். அத்தனை வருஷத்தில் ஒருவர் சொல்லாததை அவள் சொன்னது அன்றுதான் முதல் தடவை. மாஜிஸ்திரேட்டுக்கு அது பிடித்திருந்தது. அபராதம் கட்டினால் போதும் என்றார்.

மதியம் நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மாவுருண்டை தின்றுகொண்டே மாவேது, "அவ்வளவுதானாக்கா? முடிஞ்சுபோச்சா?" என்றான்.

"முடிஞ்சுபோச்சு. இனிமே அந்தக் கருமத்தத் தொடாத."

முடியவில்லை. தடுப்பில் நிற்கும் போலீஸ்காரர்களுக்கு அவன் முகம் பழகிவிட்டது. "வாடா கஞ்சா, கீழ இறங்கு" என்று பயணிகள் பார்க்க வண்டியைத் துழாவுவார்கள். பயணிகள் வேறு வண்டியில் ஏற ஆரம்பித்தார்கள். முதலாளி சாவியைத் திருப்பிக் கேட்டார். பிறகு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் அரசாங்க ஒப்பந்த வேலை ஒன்று வந்தது. அவனைவிட நிதானமாக ஓட்டுகிறவன் எங்கள் மாவட்டத்தில் கிடையாது. ஆனால் போலீஸ் சான்றிதழில் போதைப்பொருள் குற்றம் என்று வந்தது. எவ்வளவு, எதற்கு என்றெல்லாம் அதில் இல்லை. வேலை வேறொருவனுக்குப் போனது. அவன் குடித்துவிட்டு ஓட்டுகிறவன் என்பது ஊருக்கே தெரியும். சான்றிதழுக்குத் தெரியாது.

அப்போது லிண்டேகா என்ற பெண்ணோடு அவனுக்குப் பேச்சு இருந்தது. பெண்ணுக்காக மாப்பிள்ளை வீடு கொடுக்கும் லோபோலா மாடுகளைப் பற்றிப் பேச மாவேது தரப்பில் நானும் இன்னும் இருவரும் போனோம். வழக்கம்போல வாசலில் நிற்கவைத்து வெயிலில் காயவிட்டார்கள். அதில் எங்களுக்குக் கோபமில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தபோது மாட்டைப் பற்றிய பேச்சே வரவில்லை.

லிண்டேகாவின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "உங்க பையன் பேரு போலீஸ் கம்ப்யூட்டர்ல இருக்காமே?"

"ஓட்டர் லிஸ்ட்லகூடத்தான் இருக்கு" என்றேன்.

"சிரிக்காதீங்க. பிள்ளைங்கள ஏத்திட்டுப் போகவே அவன நம்பல. எங்க பொண்ண மட்டும் ஏத்திட்டுப் போகலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த அறை முழுக்க அந்த வாசனைதான். அவர் நாற்காலிக்குப் பின்னால் குழாய் சாய்த்து வைத்திருந்தது. "பெரியவரே, உள்ள நுழையும்போதே ஒரு வாசனை வந்துது. அது என்ன, புதினாவா?"

அவர் வெட்கப்படவில்லை. குழாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் வயசுப் பிள்ளையா இருந்தப்பலேர்ந்து இழுக்கறேன். என்ன யாராவது குற்றவாளின்னு சொன்னாங்களா? அவனச் சொல்லிட்டாங்க. எழுதியும் வச்சுட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ண?"

புளித்த பாலைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

திரும்பி வந்து சொன்னபோது மாவேது கத்தவில்லை. அக்காவைப் பார்த்து, "நீ அன்னிக்கு இங்கிலீஷ்ல என்ன சொன்ன?" என்று கேட்டான்.

"நீ சொன்னதத்தான்."

"எல்லாமேவா?"

ஸோலேகா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மாதமே அவன் வடக்கே தங்கச் சுரங்கப் பக்கம் போய்விட்டான். கம்பெனிகள் தோண்டி முடித்து மூடிவிட்ட குழிகள் அங்கே இருக்கின்றன. கயிற்றில் திருட்டுத்தனமாக இறங்கி, மிச்சத்தைச் சுரண்டி எடுப்பவர்கள் சான்றிதழ் கேட்பதில்லை.

லிண்டேகாவை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

சில வருஷங்கள் போனபின், நாட்டின் பெரிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வயது வந்தவர் தன் வீட்டுக்குள் தனக்கென்று கஞ்சா வைத்திருப்பதோ இழுப்பதோ இனிக் குற்றமில்லை. வானொலியில் கேட்டு ஊரே சிரித்தது. அந்த வாரம் எங்கள் கூண்டில் ஒரு வயதானவர் நின்றார். வீட்டுப் பரணிலிருந்து கஞ்சா டப்பாவை எடுத்த வழக்கு. மாஜிஸ்திரேட் போகச் சொன்னார்.

பெரியவர் இறங்கவில்லை. "இதே மாதிரி டப்பாவுக்குப் போன தடவை ஆறு மாசம் உள்ள இருந்தேன். அத யாரு திருப்பித் தருவாங்கன்னு கேளும்மா" என்றார்.

ஸோலேகா கேட்டாள். அதோடு நிறுத்தவில்லை. அதே குரலில், அதே ஆங்கிலத்தில், "எனக்கு ஒரு தம்பி இருந்தான். இதே இடத்தில் அவன் சொல்லாத வருத்தத்தைச் சொன்னேன். அவன் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை" என்றாள்.

மாஜிஸ்திரேட் தலை நிமிரவில்லை. கிழவர்தான் பேசுகிறார் என்று நினைத்து எழுதிக்கொண்டார். "உங்கள் தம்பியின் வழக்கு இப்போது என் முன் இல்லை. பழைய தீர்ப்புகளை நான் தொட முடியாது. நீங்கள் போகலாம்" என்றார். ஸோலேகா அதை எங்கள் மொழியில் பெரியவருக்குச் சொன்னாள். "எனக்குத் தம்பியே கிடையாதேம்மா" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் இறங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவேதுவின் போன் கிடைத்தது. நான் அவள் வீட்டில்தான் இருந்தேன்.

"குத்தமில்லன்னு சொல்லிட்டாங்கடா. கம்ப்யூட்டர்ல இருக்கற பழைய பேரையும் அழிச்சுக்கலாம்னு பேசிக்கறாங்க. வீட்டுக்கு வா."

"எது குத்தமில்லையாம்?"

"வீட்ல இழுக்கறது."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது, பிறகு வெகுநேரம் இருமல். "அத விட்டு ரொம்ப நாளாச்சுக்கா. கீழ ஒரே புழுதி, நெஞ்சு தாங்கல. இப்ப நான் செய்யறதுதான் குத்தம்."

"வாடா."

"பார்க்கறேன்க்கா."

அதற்குப் பிறகு அந்த எண் கிடைக்கவில்லை. அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வடக்கே போனாள். அவன் போட்டோவைக் குழி வாசல்களில் காட்டிக் கேட்டாளாம். ஒருவன் பார்த்தேன் என்றான், இன்னொருவன் பார்க்கவில்லை என்றான். குழி வாயில் சூப் விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பேரச் சொல்லிக் கேட்டுப் பிரயோஜனமில்லம்மா. இங்க யாரும் சொந்தப் பேர்ல இறங்கறதில்ல" என்றாளாம்.

ஸோலேகா அவளிடம் ஒரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்துவிட்டு, பொழுது சாயும்வரை கயிற்றில் ஏறி வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.