தூக்கு மரம் நட்ட வீடு

“சேக்காட்டுல அந்தப் பச்சை கேட்டு ஊட்ல தூக்கு மரம் நட்டுக்கீறாங்கோ, பாத்தியா?” என்று பூந்தமல்லி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். பச்சை கேட்டு வீடு எங்கள் வீடு. நான் துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன்.

கார் பழுது பார்க்கும் தொழிலில் கையில் கிரீஸ் படிகிறவர்கள் நன்றாகத் தூங்குவார்கள். கணக்கு எழுதும் மேஜைக்குப் பின்னால் சுத்தமான கையோடு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தூக்கம் வராது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த இரண்டு வருடங்கள், நான் அந்த மேஜைக்குப் பின்னால் இருந்தேன். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேக்காட்டில் வீடு கட்டி, பக்கவாட்டில் கொட்டகை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்தார். மனதில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்து, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டு வந்துவிடும் கூட்டத்தைச் சேர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் என் பக்கத்தில் உட்காருங்கள்.

குழி

காருக்கு அடியில் வேலை செய்யக் கொட்டகை நடுவில் ஒரு குழி வெட்டியிருந்தார் அப்பா. ஆவடிப் பக்கத்து நிலத்தடி நீர் அவரைக் கலந்தாலோசிக்கவில்லை. ஒரு மழை பெய்தால் குழியில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு நாள் ஈரப் படியில் கால் வழுக்கி விழுந்து, மூன்று வாரம் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு நடந்தார். அப்படியும் குழிக்குள் இறங்கத்தான் செய்தார். அவர் இறங்கும்போதெல்லாம் நான் மேஜையிலிருந்து எழுந்து நின்றுகொள்வேன். எழுந்து நின்று என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

எங்களிடம் வேலை பார்த்த மெக்கானிக் ஏழுமலை இந்த ஊர்க்காரர். நாற்பது வயது. அவருடைய தாத்தா உழுத நிலத்தில்தான் எங்கள் வீட்டைக் கட்டியிருக்கிறோம் என்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டுவார். ஒரு காலை குழிக்குள் தவளை ஒன்று நீந்துவதை அப்பாவுக்குக் காட்டி, அவர் சொன்னார்:

“நைனா, இதுல காரு பாக்கறத வுட்டுட்டு மீனு வளக்கலாம்.”

கேட்ட பொருள்

காட்டுப்பாக்கத்தில் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனை மூடுகிறார்கள், அங்கே ஒரு கார் லிஃப்ட் விலைக்கு வருகிறது என்று தகவல் வந்தது. நானும் போனேன், ஆங்கிலத்தில் ஏதாவது எழுதியிருந்தால் படிப்பதற்கு. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு இரும்புத் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் இரண்டு கைகள். காரை நடுவில் நிறுத்தி மோட்டாரைப் போட்டால், நான்கு கைகளும் காரை வயிற்றில் ஏந்தி மேலே தூக்கும். அப்பா அந்தத் தூண்களைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், மோட்டார் மூடியைக் கழற்றி மோந்துகூடப் பார்த்தார். நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் துணிந்து அந்தக் கடைக்காரரிடம், இதை நிறுத்தும் முறை அச்சடித்த புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்க வேண்டியதாயிற்று.

எண்ணெய்க் கறையோடு பன்னிரண்டு பக்கம் கிடைத்தது. நான்காம் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு ஒரு எச்சரிக்கை: தூண்களுக்கு அடியில் போடும் கான்கிரீட் இருபத்தெட்டு நாள் இறுகிய பிறகே சுமை ஏற்றலாம், அதற்கு முன் ஏற்றினால் போல்ட்டோடு தூண் பெயர்ந்து சாயலாம். அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். இரும்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிமெண்ட் விஷயத்தில் மட்டும் அவர் கொத்தனார் சொல்வதை நம்புகிறவர். “இருபத்தெட்டு” என்று விரல் மடக்கித் திருப்பிச் சொன்னார். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“வாங்க வந்தவங்க எல்லாம் இது எவ்ளோ தூக்கும்னுதான் கேட்டாங்க. எப்ப வுழும்னு கேட்டது உங்க பொண்ணு ஒண்ணுதான்.”

இரண்டு நடை

மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஒரு நடைக்கு ஒரு தூண். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் தூண் நீட்டிக்கொண்டிருந்ததால், பின் முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்றார் வண்டிக்காரர். துணி இல்லை. என் துப்பட்டா சிவப்பு. அதை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அப்பாவின் துண்டைப் போர்த்திக்கொண்டு அவரோடு ஆட்டோவில் பின்னாலேயே வந்தேன். கயிறு நழுவினால் முதலில் யார் மேல் விழும் என்று பூந்தமல்லி வரை கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் விடை மாறியது.

ஆவடி சாலையில் திரும்பியதும் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கை காட்டினார். என்ன ஏற்றிப் போகிறாய் என்று வண்டிக்காரரைக் கேட்டார். அவர் “தூக்கு சார்” என்றார். காவலர் தூணையும் அதில் தொங்கிய கையையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அப்பா இறங்கிப் போய்க் கார் தூக்குகிற கருவி என்று விளக்குவதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் எங்கள் தெருக்காரராக இருந்திருக்க வேண்டும். ‘தூக்கு மரம்’ என்ற பெயர் தூணுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா அன்றைக்கு விளக்கு வைத்ததுமே பச்சை கேட்டைப் பூட்டிவிட்டார். காவலர் எங்களை அனுப்பும்போது வண்டிக்காரரிடம் சொன்னது:

“கார் தூக்கறதுன்னு முழுசா சொல்லுய்யா. வெறும் தூக்குன்னா நான் இன்னா கேஸ்ல எழுதறது?”

எழுதாத பதினைந்து நாள்

பழைய குழியை மண் போட்டு மூடிவிட்டு, தூண்களை நிறுத்த இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு குழிகள் வெட்டினார்கள். இடக்குழிக்குக் கான்கிரீட் போட்ட மறுநாள், அம்பாசமுத்திரத்திலிருந்து தந்தி வந்தது. பெரியப்பா தவறிவிட்டார். அப்பா பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது, வலக்குழியை நாளைக்கே போட்டுவிடச் சொல்லிவிட்டு, என்னிடம் “ஏட்டி, ரெண்டுக்கும் தண்ணி ஊத்துறது உன் பொறுப்பு” என்றார்.

அன்று மாலையே மழை. வலக்குழி நிரம்பி, கரை சரிந்து உள்ளே விழுந்தது. கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். தண்ணீரை இறைத்து, மண்ணை அள்ளி, மறுபடி மழை வந்து, மறுபடி இறைத்து, கடைசியில் இடப்பக்கத்துக்குப் பதினைந்து நாள் பின்னால்தான் வலப்பக்கம் கான்கிரீட் விழுந்தது. நான் இரண்டின் மேலும் சாக்கு விரித்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். அந்தந்தப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் நாள் கணக்கை எழுதி, தினமும் அழித்து மாற்றினேன். எங்கள் சுவரில் வண்டி எண், போல்ட் அளவு, யாரோ விட்டுப்போன தொலைபேசி எண் எல்லாம் சாக்பீஸில்தான் இருக்கும். அதனால் என் எண்களை யாரும் ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை. ஏழுமலை மட்டும் பார்த்தார். அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்:

“பாப்பா, லேட்டானத நைனா கைல சொல்லாத, ஏசுவாரு. சிமிட்டி கல்லு மாரி கீது.”

நான் தலையாட்டிவிட்டேன். அப்பாவுக்குப் போட்ட கடிதத்திலும் அதை எழுதவில்லை.

போட்டாச்சா?

அப்பா திரும்பி வந்த அன்று நேராகக் கொட்டகைக்குப் போனார். இரண்டு பக்கமும் ஈரச் சாக்கு. “ரெண்டும் போட்டாச்சால?” என்று கேட்டார். “போட்டாச்சு நைனா” என்றார் ஏழுமலை. அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவும் எப்போது என்று கேட்கவில்லை. அந்த வாரமே தூண்களை நிறுத்தி, போல்ட்டை முறுக்கி, மோட்டாரைப் பொருத்தினார்கள். அம்மா நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தார். இடப்பக்கத்தின் இருபத்தெட்டாம் நாள் சரியாக ஆயுத பூஜையன்று வந்தது. தூக்கு மரம் என்று ஊர் வைத்த பெயருக்கு இதைவிட நல்ல பரிகாரம் கிடையாது என்று அவரும் சமாதானமானார். பூஜை முடிந்ததும் முதல் கார் ஏறும் என்று முடிவாயிற்று.

எங்கள் தொழிலில் வாடிக்கைக்காரர்களுக்குப் பெயர் இல்லை, வண்டிதான். முதல் காரைத் தருவதாகச் சொன்னவர் பச்சை அம்பாசடர் சார். வங்கி மேலாளர். அம்பாசடர் எங்களிடம் வருவதிலேயே கனமான கார். வலப்பக்கத்துக்கு அன்றைக்கு வயது பதின்மூன்று நாள்தான் ஆகியிருக்கும். நான் அப்பாவிடம் மூன்று முறை சொல்லப் போனேன். முதல் முறை அவர் மோட்டாரோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை ஏழுமலை பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை, “அப்பா, அந்த வலது பக்கம்...” என்று தொடங்கினேன். “வலது பக்கந்தான் சுவிட்ச்சு” என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போய்விட்டார். கார் ஏறியதும் அதற்கு அடியில் யார் யார் நிற்பது என்று அவர்கள் முன்னமே பேசி வைத்திருந்தார்கள். அப்பா, ஏழுமலை, மூன்றாவதாகப் பச்சை அம்பாசடர் சார். அவர் என் மேஜைக்கு வந்து, குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“பதினாலு வருஷமா ஓட்டறேம்மா, என் வண்டியோட அடிப்பக்கத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.”

பொரி

ஆயுத பூஜையன்று காலை ஏழுமலை சாக்குகளை எடுத்து மூலையில் போட்டுவிட்டு, இரண்டு தூண்களுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டார். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பேருந்தில் பேசிய அம்மாளும் வந்திருந்தார். பூசணிக்காய் தயாராக இருந்தது. பச்சை அம்பாசடர் தூண்களுக்கு நடுவில் வந்து நின்றது. இத்தனை பேருக்கு நடுவில் என் வாய் திறக்காது என்பது எனக்குத் தெரியும். கை திறக்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அப்பா கற்பூரம் தேடி வீட்டுக்குள் போன நேரத்தில், எல்லோர் கண்ணும் காரின் மேல் இருக்க, நான் மெயினை அணைத்து, மோட்டாருக்கான மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி, கைக்கு அருகில் இருந்த பொரி டின்னுக்குள் புதைத்துவிட்டு, மெயினை மறுபடி போட்டேன்.

தீபாராதனை முடிந்தது. அப்பா தொட்டுக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். கரண்ட் போய்விட்டது என்று யாரோ சொன்னார். பேருந்து அம்மாள், வீட்டுக்குள் மின்விசிறி ஓடுகிறதே என்றார். அந்த நேரம் பார்த்து அம்மா எல்லோருக்கும் பொரி கொடுக்க டின்னைத் திறந்து, டம்ளரை உள்ளே விட்டார். டம்ளர் எதன் மேலோ மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா கையை விட்டுத் துழாவி, பீங்கான் கட்டை ஒன்றைப் பாதி வெளியே எடுத்தார். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வியர்வையில் என் நெற்றிப் பொட்டு வழிந்திருந்தது. அம்மா கட்டையை உள்ளே விட்டு, மேலே பொரியைத் தள்ளி, மூடியை அழுத்தி மூடினார். பிறகு வந்தவர்களிடம் சொன்னார்:

“பொரி நமுத்துப்போச்சு. எல்லாரும் சுண்டல் வாங்கிக்கோங்க.”

இன்றைக்கு நாள் சரியில்லை

அப்பா மெயின் போர்டுக்குப் போனார். போர்டு வலத் தூணுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. காலியாக இருந்த மூன்று இடங்களையும் பார்த்தார். நாற்பது வருடம் பட்டறையில் நின்றவர். கட்டை தானாகக் கழன்று விழாது என்பது தெரியும். அவர் கண் போர்டிலிருந்து இறங்கி, சற்றுத் தள்ளிச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த 13-இல் நின்றது. பிறகு திரும்பி, எதிர்ச் சுவரில் இருந்த 28-ஐப் பார்த்தார். அப்புறம் ஏழுமலையை. ஏழுமலை சட்டைக் காலருக்குள் கையை விட்டுக் கழுத்தைத் தேய்த்தார். கடைசியில் என்னை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாய் இல்லாதவர்கள் சொல்ல வேண்டியதைச் சுவரில்தான் எழுதி வைக்க வேண்டும். அதைப் படிக்க ஒருவர் வருகிற வரை பொரியைக் காவல் காக்க வேண்டும்.

அப்பா கும்பலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்றைக்கு நாள் சரியில்லை, பதினைந்து நாள் கழித்துக் கொண்டுவாருங்கள் என்று பச்சை அம்பாசடர் சாரிடம் சொன்னார். சார் நெற்றியில் வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை. சுற்றிலும் மாலையும் கற்பூரப் புகையும். அவர் கேட்டார்:

“ஆயுத பூஜையை விட நல்ல நாளா?”

அப்பா காரைத் தள்ளிப் பின்னால் எடுக்கும்படி ஏழுமலைக்குக் கை காட்டினார். கார் வெளியே போன பிறகு மூலைக்குப் போய் ஒரு சாக்கை எடுத்து உதறி, வலத் தூணின் அடியில், மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களின் மேலேயே விரித்தார். புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்.