பில்டு ஓடும் நேரம்

அவனுக்கு ஆபீசில் 'பில்டு அண்ணன்' என்று பெயர். ஐம்பது பேர் எழுதித் தள்ளும் நிரல்களையெல்லாம் திரட்டி, ஓடக்கூடிய ஒரே மென்பொருளாக மாற்றித் தருவது, அதாவது 'பில்டு' போடுவது, அவன் வேலை. பட்டனைத் தட்டினால் போதும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். அதுவும் எப்படி? ஒன்றரை மணி நேரம், சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளும்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவன் குடும்பம் நடத்தினான். மனைவி அதே ஆபீசில், சோதனைப் பிரிவில் இருந்தாள். பில்டு முடியும்வரை அவளுக்கும் சோதிக்க ஒன்றுமில்லை. மாடிப்படி ஓரத்துப் பெஞ்சில் இருவரும் காபியோடு உட்கார்ந்துவிடுவார்கள். வீட்டிலோ இரட்டைப் பிள்ளைகள். ஒன்று தூங்கினால் மற்றது விழிக்கும். அங்கே பேச வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வரும்.

மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் மீட்டிங்கில் மேனேஜர், "என்னப்பா, உன் பில்டு ஆமை மாதிரி ஊருது?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குச் சுருக்கென்றது.

முப்பத்திரண்டு கோர், அதாவது முப்பத்திரண்டு மூளை, உள்ள புது மெஷினைக் கேட்டு வாங்கினான். வேலையைத் துண்டு துண்டாக்கி எல்லாக் கோர்களுக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தான். என்ன ஆயிற்று? முன்பைவிட மெதுவாகப் போயிற்று! அவசரத்தில், கோப்புகளை எடுத்துத் தரும் பழைய டிஸ்கையே அதில் மாட்டியிருந்தான். அத்தனை கோர்களும் ஒற்றைக் குழாயடியில் குடத்தோடு காத்து நின்றன.

பெஞ்சில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நல்லதாப் போச்சு, அப்படியே விட்டுடுங்க. நமக்குன்னு இருக்கறது இந்த நேரம் ஒண்ணுதான்."

"அட போடி. சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்ல?"

வாய் அப்படிச் சொன்னது. உள்ளே குடைந்ததென்னவோ மேனேஜரின் ஆமைதான்.

வேகமான டிஸ்க் வந்தது. மாட்டிய அன்று பில்டு ஆறே நிமிடத்தில் முடிந்தது. ஆபீஸே கைதட்டியது. மேனேஜர் அவன் தோளைத் தட்டி, "பிரமாதம்ப்பா! இனிமே நாளுக்கு ஒரு பில்டு எதுக்கு? யாரு ஒரு வரிய மாத்தினாலும் உடனே ஒண்ணு ஓட்டிடு" என்றார்.

அவ்வளவுதான். பில்டு மேல் பில்டாக ஓடி, ஒவ்வொன்றும் சுடச்சுட அவள் மேசைக்குப் போயிற்று. ஒன்றைச் சோதித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நின்றது. அவளுக்குத் தலை நிமிர நேரமில்லை. அவனால் இடத்தைவிட்டு அசைய முடியவில்லை. சீக்கிரமாவது மண்ணாவது, வீட்டுக்கு முன்பைவிடத் தாமதமாகத்தான் போனார்கள்.

அடுத்த வாரம் மாடிப்படியில் எதிரே வந்தாள். "கொஞ்சம் உக்காரேன்" என்றான்.

"எங்க உக்கார்றது? இப்பத்தான் அடுத்தது வந்து விழுந்திருக்கு."

நாலு படி இறங்கியவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"ஒன்றரை மணி நேரத்த மிச்சம் பிடிச்சீங்களே, அது யாரோடதுன்னு யோசிச்சீங்களா? அது நம்மளோடதுங்க. அதையும் தூக்கி ஆபீசுக்குக் குடுத்துட்டு, கைதட்டலையும் வாங்கிட்டு வந்திருக்கீங்க."