இடுப்பில் கட்டிய இரும்பு

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த இரும்பு ஆலையின் வாசல் காவலர் அவர். முன்னாள் ராணுவக்காரர், எந்த வண்டி நுழைந்தாலும் விறைப்பாக சல்யூட் அடிப்பார். சொந்தத் துப்பாக்கி இருந்தால் கன்மேன் வேலை, கூடுதல் சம்பளம். லைசென்சும் வந்துவிட்டது. பெரிய தோட்டா போடும் பிஸ்டலை வாங்கலாமா என்று யோசித்தவர், கனம் பழகுமா என்று பார்க்க அதே எடைக்கு ஓர் இரும்புத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார்.

ஒருநாள் காலையில் அதை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தார்.

“வாங்கல சார்.”

“இன்னாபா, கனமா இருக்குதா?”

“இல்ல சார், பழகிப்போச்சி. நேத்து ஊட்ல பொண்ணு எதிர்த்துப் பேசிக்கினே இருந்துச்சி. என் கை தானா இடுப்புக்குப் போயிடுச்சி.”



அதற்குப் பிறகு அவர் யாருக்கும் சல்யூட் அடிக்கவில்லை. வலது கை எப்போதும் பேண்ட் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது.