பிரசவம் என்ற சொல் இல்லாத போர்டு

அக்கா தொடங்கவிருந்த தொழிலுக்குப் பெயர் வைக்க என்னைக் கூப்பிட்டார்கள். பத்திரிகை அலுவலகத்தில் பல வருடம் தலைப்பு எழுதியவள் என்பதுதான் காரணம். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநின்றவூரிலிருந்து பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, கும்மிடிப்பூண்டிக்கு அருகே அவள் வாழ்க்கைப்பட்ட ஊருக்குப் போனேன்.

அக்கா ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் உதவியாளராக இருந்தவள். ஆட்குறைப்பில் வேலை போனது. பிறகு சென்னையில் டூலா பயிற்சி முடித்தாள். வலி எடுத்த பெண்ணின் பக்கத்திலேயே இருந்து, இடுப்பை அழுத்திவிட்டு, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்து, அவள் பயப்படாமல் பார்த்துக்கொள்வது டூலாவின் வேலை. குழந்தையை எடுப்பது டாக்டர், நர்ஸ் பாடு. சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் தம்பதிகள் அந்த ஊரின் லைன் வீடுகளில் நிறைய இருந்தார்கள். பிரசவத்துக்குத் தாய் வீடு போக முடியாத பெண்களை நம்பித்தான் அக்கா இறங்கினாள்.

ரோட்டைப் பார்த்த முன்னறையை அவளுடைய மாமியார் ஒரு நிபந்தனையோடு கொடுத்திருந்தார். “தை பொறக்கறதுக்குள்ள ஒரு கேஸாவது வரணும். இல்லன்னா ஊட்டு வேலையப் பாத்துக்கினு இரு.”

நான் முதலில் எழுதிக் காட்டிய பெயர் ‘பிரசவத் துணை’.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். “இன்னாது, பிரசவமா? ரோட்டுல எழுதி மாட்றதா? இந்த ஊர்ல அந்த வேலைக்குன்னு ஒரு தெருவு இருந்திச்சும்மா. பிரசவம் பாக்க வந்தாகூட பின்வாசல்தான் அவங்களுக்கு. நம்ம ஊட்டு மருமவ அந்த வேல செய்றான்னு போர்டு போட்டா, நாளைக்கு என் பேத்திய எவன் கட்டுவான்?”

அவருடைய இரண்டு பிள்ளைகளும் பிறந்தது அந்தத் தெருப் பெண் ஒருத்தியின் கையில். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

‘தாய்வீடு’ என்றேன். “பெத்தவ இல்லாத பொண்ணுதான் வரணுமா?” என்றார் மாமியார். அக்காவின் கணவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். “வெறுமன துணைன்னு போடுங்களேன். ரெண்டாங் கல்யாணத்துக்கு ஜாதகத்தத் தூக்கிக்கினு நாலு பேர் வருவானுங்க.” மாமியார்கூடச் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் ‘ஆதரவு’ என்று எழுதினேன். கீழே, ‘வீடு தேடி வரும் அன்பான கவனிப்பு’. சிக்கலான செய்திக்கு நாங்கள் இப்படித்தான் தலைப்பு வைப்போம். யாருக்கும் கோபம் வராது. என்ன நடந்தது என்றும் தெரியாது.

“இது லட்சணமா கீது,” என்றார் மாமியார்.

அக்கா தாளை இரண்டு முறை படித்தாள். “பிரசவம்னு ஒரு எடத்துலகூட வரலடி.”

“வர்றவங்ககிட்ட வாயால சொல்லிக்கலாம்க்கா.”

ஃப்ளெக்ஸ் கடைக்காரரும் கேட்டார். “இன்னா யாவாரம்கா இது? ஒன்னும் புரியலயே.”

“புரிஞ்சா போர்டே இல்லண்ணா,” என்றாள் அக்கா.

புரட்டாசியில் யாரும் வரவில்லை. ஐப்பசி முழுக்க மழை. கார்த்திகையில் எதிர் லைன் வீட்டுப் பெண்ணுக்கு விடிகாலையில் வலி எடுத்தது. தேனிப் பக்கத்துக்காரி. கணவன் ஷிப்டில் இருந்ததால் தனியாக ஆட்டோவில் போய் பெற்றுக்கொண்டு வந்தாள். பத்து நாள் கழித்துக் குழந்தையைப் பார்க்கப் போன அக்கா, தன் தொழில் என்னவென்று அவளிடம் சொன்னாள்.

“இதுக்குத்தானாக்கா அந்த போர்டு?” என்றாள் அவள். “வயசானவுகளப் பாத்துக்கிற எடம்னுல்ல நெனச்சேன். தெனம் அதத் தாண்டித்தானே வேலைக்குப் போனேன்.” பிறகு, யாரையும் குறை சொல்லாத குரலில், “கையப் பிடிச்சுக்கக்கூட ஆளில்லக்கா,” என்றாளாம்.

அன்றே வேறு பெயர் எழுதலாம் என்று போனில் சொன்னேன். “அத்த ஒத்துக்க மாட்டாங்க,” என்றாள்.

மார்கழியில் ஒரே ஒரு அழைப்பு வந்தது. மீஞ்சூரிலிருந்து ஒருவர், படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார். போர்டைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டாராம். அக்கா ஒரு நாள் யோசித்து, வருகிறேன் என்றாள். மலம், மூத்திரம் எல்லாம் அள்ள வேண்டிய வேலை. மாமியார் மறுக்கவில்லை. “பெரியவங்களப் பாத்துக்கறது புண்ணியம்,” என்றார். சொன்ன கெடுவுக்குள் கேஸ் வந்துவிட்டது என்பதையும் அவரே சொன்னார்.

பொங்கலுக்குப் போனபோது முன்னறையில் அக்காவின் கொழுந்தனாருடைய உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. கர்ப்பிணிகள் உட்கார்ந்து ஆடுவதற்கென்று அக்கா வாங்கிய பெரிய ரப்பர் பந்தை மூட்டைகள் சுவரோடு நெருக்கிக்கொண்டிருந்தன. பகலில் ஆள் இல்லாத அறைதானே என்றார்கள்.

பெயரை இப்போதாவது மாற்றச் சொல்லி அக்காவிடம் கேட்டேன். அவள் மறுநாளைக்காகக் கையுறைகளை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குடி? நான் செய்ற வேலைக்கு அது சரியாத்தான் கீது.”